மூக்கு வழியே போன பேச்சு

தொண்டை அடைப்பான் வந்து நான் பிழைத்து எழுந்ததைப் பார்த்து எல்லோரும் பெற்றவர்கள் செய்த புண்ணியம் என்றார்கள். நானும் நம்பினேன். மூன்று வாரம் கழித்து ஒரு நாள் காலை, குடித்த கஞ்சி மூக்கு வழியாகத் திரும்பி வந்தது. அன்றைக்கே பேச்சும் கெட்டது. வாயால் வரவேண்டிய காற்றெல்லாம் மூக்கால் போனது. மகளைப் பாப்பா என்று கூப்பிட்டால் 'மாம்மா' என்று வந்தது.

அவளுக்கு இரண்டரை வயது. நாள் முழுக்க என் வாயைப் பார்த்தே பேசக் கற்றுக்கொண்டிருந்தாள். பத்தே நாளில் அவளும் மூக்கால் பேச ஆரம்பித்தாள். தண்ணீர் கேட்டால் 'நண்ணி' என்றாள்.

என் மாமியார் காத்திருந்தவர் போலச் சொன்னார். "கொழந்த உன்னப் பாத்துக் கெட்டுப் போவுது. கணியம்பாடில என் பொண்ணு வூட்ல இருக்கட்டும். நீ சரியானப்புறம் இட்டுக்கினு வரலாம்."

தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து சுண்ணாம்பு படிந்த கால்களோடு வந்த என் வீட்டுக்காரர், "அம்மா சொல்றதும் சரிதான்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாய்க்கு வந்தபடி திட்டினேன். மூக்கால் பேசுகிறவள் எவ்வளவு திட்டினால்தான் என்ன, கேட்கிறவருக்குச் சிரிப்புதான் வரும். அவருக்கும் வந்தது. மறுநாள் குழந்தை போய்விட்டாள்.

வேலூரில் ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா என் வாயைத் திறந்து பார்த்தார். கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து என்னையே பார்க்கச் சொன்னார். ஆ என்றால் உள்நாக்கும் அதைச் சுற்றியுள்ள மெத்தென்ற சதையும் மேலே எழும்பி மூக்கின் வழியை அடைக்கவேண்டுமாம். எனக்கு அது அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. "அது தூங்குது. நீங்கதான் எழுப்பணும்" என்றார் தமக்குத் தெரிந்த தமிழில். கொட்டாவி விடவேண்டும். கன்னத்தை உப்பிக்கொண்டு மூச்சை நிறுத்தவேண்டும். கா கா என்று அடித்தொண்டையிலிருந்து சொல்லவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு முழம் தள்ளி விளக்கை வைத்து வாயால் ஊதி அணைக்கவேண்டும், தினமும் இருபது தடவை. காற்று மூக்கால் போனால் சுடர் அணையாது, அதுதான் சோதனை.

அந்த மகராசிக்கு எங்கள் வீடுகளைப் பற்றி என்ன தெரியும்? விளக்கை அணைப்பது என்று வாயால் சொல்லக்கூட மாட்டோம். மலையேற்றுவது என்போம். பூவால் தொட்டுத்தான் மலையேற்றுவோம். அதை வாயால் ஊதவேண்டுமாம், அதுவும் இருபது தடவை.

ஊதினேன். இரண்டாம் நாளே மாமியார் பார்த்துவிட்டார். "வெளக்க வாயால ஊதறியே, குடும்பம் வெளங்குமா?" என்றார். அன்றிலிருந்து தீப்பெட்டி அவர் இடுப்பில் ஏறிக்கொண்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது சரிதான். குழந்தையைப் பிரித்ததும் அவர்தான், அவள் திரும்பி வரும் வழியை அடைத்ததும் அவர்தான்.

தட்டில் பஞ்சை வைத்து ஊதினேன். மூக்கால் விட்ட காற்றுக்கே அது பறந்தது. பப்பாளித் தண்டைச் சொம்புத் தண்ணீரில் விட்டு ஊதினேன். குமிழி வந்தது, பேச்சு வரவில்லை. கொல்லையில் நின்று கா கா என்று கத்தினால் 'ஙா ஙா' என்று வந்தது. கேட்ட காக்கைகள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு நாள் சொம்பைத் தூக்கிச் சுவரில் அடித்தேன்.

அந்தச் சத்தத்துக்குத்தான் பக்கத்து பாய் வீட்டு அக்கா மதில் மேல் எட்டிப் பார்த்தாள். சமாசாரத்தைக் கேட்டுவிட்டு, "இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? எங்க வூட்ல வந்து ஊதிக்க. மெழுகுவத்தி கீது" என்றாள். அதன்பிறகு தினமும் மத்தியானம் மாமியார் கண்ணசரும் நேரத்தில் அவள் அடுக்களைக்குப் போனேன். அக்கா என் மூக்கின் கீழே கண்ணாடியைப் பிடிப்பாள். அதில் ஆவி படிந்தால், "இல்ல, மறுபடியும்" என்பாள். இரண்டு மாதம் அந்தச் சுடர் என்னைப் பார்த்து ஆடிவிட்டு நிமிர்ந்தே நின்றது. எத்தனையோ நாள் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். மூன்றாம் மாதம் ஒரு நாள் அது அணைந்தது. கண்ணாடியில் ஆவி இல்லை. அக்காவைக் கட்டிக்கொண்டு பாப்பா, பாப்பா என்று பத்துத் தடவை சொன்னேன்.

மறுநாளே வண்டி பிடித்துக் கணியம்பாடிக்குப் போனேன். மாமியாரும் கூட வந்தார். குழந்தை நாத்தனாரின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பாப்பா, வா" என்றேன். ஓர் எழுத்துகூட மூக்குக்குப் போகவில்லை.

அவள் என் முகத்தைப் பார்த்தாள், வாயைப் பார்த்தாள். "இது எங்கம்மா இல்ல" என்றாள், அட்சர சுத்தமாக.

மறுபடியும் கூப்பிட்டேன். நாத்தனாருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். வேறு வழியில்லை. எந்தச் சதையை எழுப்ப மூன்று மாதம் பாடுபட்டேனோ அதைத் தளரவிட்டு, மூக்கால், 'மாம்மா' என்றேன். ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"பாத்தியா, இன்னும் மூக்காலதான் வருது" என்றார் மாமியார். "இன்னும் ரெண்டு மாசம் இங்கியே இருக்கட்டும்."

"அத்த, எனக்கு எல்லாம் சரியாப்போச்சி. கொழந்த எங்கூடத்தான் வரும். யாரு தடுத்தாலும் கேக்க மாட்டேன்." கணீரென்று வந்தது குரல். ஆனால் அந்தக் குரலைக் கேட்டதும் குழந்தையின் கை என் கழுத்திலிருந்து நழுவியது. திமிறி அழுதபடி நாத்தனாரிடம் கை நீட்டினாள்.

இறுக்கிப் பிடித்தபடியே வண்டியில் ஏறினேன். மாமியார் எதிரே உட்கார்ந்தார். எங்கள் ஊர் மேல்விஷாரம் வந்து சேரும்வரை நான் மூக்காலேயே பேசிக்கொண்டு வந்தேன்.