பேண்டேஜ் மேகம்

எங்கள் வீட்டில் ஒருவர் சொல்வதை இன்னொருவர் காதால் கேட்பது அபூர்வம். கண்ணால்தான் கேட்போம். ராஜபாளையத்தில் அப்பா கூலிக்கு விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்கும் தறிக்கூடத்துக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பேண்டேஜ் துணி விடிந்ததிலிருந்து அங்கே ஓடும். அந்தச் சத்தத்தில் கத்துவதைவிட உதட்டை அசைத்தால் போதும் என்று எல்லோரும் பழகியிருந்தோம். இரண்டு விரலை ஒட்டிப் பிரித்தால் இழை அறுந்துவிட்டது. மீசையை முறுக்கினால் நூல் கொடுக்கிற முதலாளி தெருமுனையில் வருகிறார். உள்ளங்கையைக் கீழ்நோக்கி அமுக்கினால் தறியை நிறுத்து. நான் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்பே உதடு படிக்கக் கற்றுக்கொண்டவள். அதில் எனக்கு ஏகப்பட்ட கர்வம்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். பிளஸ் டூ முடித்துவிட்டுச் சில வருடம் தறியில் நின்றவள். டீச்சர் ஆக வேண்டும் என்று நேரம் காலம் பார்க்காமல் சொல்லிக்கொண்டே இருப்பாள். சத்தத்தில் கேட்கவில்லை என்று அப்பாவால் சாக்குச் சொல்ல முடியாத வீடு அது. கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. பணம் கட்டுவதற்காக அவள் காதுத் தோடு கழன்று வேப்பங்குச்சி ஏறியது. அப்பா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"படி, வேண்டாங்கலை. ஆனா ஒன் படிப்பால ஒருநாள்கூடத் தறி நிக்கக் கூடாது. தறி நின்னா அடுப்பு நின்னுரும்."

அத்தை தலையாட்டினாள். ஆட்டியபடியே நடந்துகொண்டாள். காலையில் தறி, பிறகு பஸ், சாயங்காலம் வந்து மறுபடியும் தறி. பாவு நூலுக்கு மேலே கயிறு கட்டி, துணி கவ்வும் கிளிப்பில் புத்தகத்தைத் தொங்கவிட்டிருப்பாள். தறி அதிர அதிரப் பக்கங்கள் படபடக்கும். ஒரு கண் நூலில், ஒரு கண் பாடத்தில். எனக்கு அது வித்தையாகத் தெரிந்தது.

பயிற்சி முடியும் சமயம் கற்பித்தல் தேர்வு வந்தது. வெளியூரிலிருந்து தேர்வு அதிகாரி வந்து உட்கார்ந்திருக்க, ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள் இரண்டு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். முதல் நாள் அறிவியல்: மழை எப்படி வருகிறது. மறுநாள் தமிழ்ப் பாட்டு. தேறினால் சான்றிதழ், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு, என்றாவது ஒருநாள் வேலை. தவறினால் அடுத்த வருடம் மறுபடி நடத்திக் காட்டலாம் என்றார்கள். அடுத்த வருடத்துப் படிப்புச் செலவுக்கு அத்தையின் காதில் தோடு இல்லை.

இங்கேதான் அத்தை ஒரு தப்புச் செய்தாள். தறிக்காரி மட்டுமே செய்யக்கூடிய தப்பு. தறியை நிறுத்தாமல் பாடத்தை ஒத்திகை பார்த்தாள். உதட்டசைவில் ஒத்திகை பார்த்தால் பள்ளிக்கூடத்தில் எடுபடாது, குரல் கடைசி பெஞ்சுக்குப் போக வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆகவே ஓடுகிற தறிகளையே வகுப்பாக வைத்துக்கொண்டு நாள்கணக்கில் கத்தினாள். தேர்வன்று காலையில் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

அம்மா மிளகுப் பால் காய்ச்சிக் கொடுத்தபடி அங்கலாய்த்தாள். "மிசினுகூடப் போட்டி போட்டா தொண்டை என்னத்துக்கு ஆகும்? ஏட்டி, நீயும் கூடப் போ. வாயில்லாப் பிள்ளை பஸ்ல எப்படி டிக்கெட் கேக்கும்."

பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு அத்தைக்கு வாயாகப் போவதென்றால் கசக்குமா? வீடே இருண்டதுபோல் இருக்க, நான் ரிப்பன் கட்டிக்கொண்டு முதல் ஆளாக வாசலில் நின்றேன்.

பாடத்துக்கான மாதிரியை அத்தையே செய்திருந்தாள். தெர்மாகோல் வாங்க வழியில்லை. நூல் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து, அதில் கடலும் மலையும் வரைந்து, தறியில் விழுந்த பேண்டேஜ் துண்டுகளைச் சுருட்டி மேகமாக ஒட்டியிருந்தாள். மேகம் அசல் மேகம் மாதிரியே புசுபுசுவென்று இருந்தது. பஸ்ஸில் கண்டக்டர் அதையும் பேசாத அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாருக்கு அடி பாப்பா? ஆஸ்பத்திரி ஸ்டாப்பா?"

"அடி இல்லண்ணே. இது மேகம்."

"மேகத்துக்கேவா அடிபட்டிருச்சு," என்றபடி டிக்கெட் கிழித்தார். அத்தை சத்தமில்லாமல் சிரித்தாள். அன்று அவள் முதலில் சிரித்தது அப்போதுதான். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் தெரிந்ததும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டாள். உதடு அசைந்தது. நான் படித்தேன். குரல் வேண்டாம், மயங்கி விழாமல் இருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டிருந்தாள்.

நான்காம் வகுப்பு. வகுப்பு டீச்சர் என்னைக் கடைசி பெஞ்சில் உட்காரச் சொன்னார். தேர்வு அதிகாரி கஞ்சி போட்ட சேலை கட்டிய அம்மாள். நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அத்தை கரும்பலகையில் எழுதினாள்: 'இன்று நான் பேச மாட்டேன். நீங்கள் பேசுவீர்கள்.'

"டீச்சர் ஊமையாலே?" என்றான் ஒரு பையன், பக்கத்துப் பையனிடம், ஊருக்கே கேட்கும்படி.

அத்தை கலங்கவில்லை. விரல்களை விரித்துத் தலைக்குமேல் பிடித்தாள். பிறகு கையை அட்டையில் வரைந்த கடலுக்குக் கொண்டுபோய், மெல்ல நெளித்து மேலே ஏற்றினாள். வகுப்பு வாய்பிளந்து பார்த்தது. என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்று, "சூரியன் காயுது, தண்ணி ஆவியாப் போகுதுன்னு சொல்லுதாங்க," என்று கத்தினேன்.

தேர்வு அதிகாரி திரும்பிப் பார்த்தார். அத்தை என்னை நோக்கி உள்ளங்கையைக் கீழே அமுக்கினாள். தறியை நிறுத்து. நான் நின்றுபோனேன்.

பிறகு கடலிலிருந்து கையை நெளித்து ஏற்றும் சைகையை மறுபடி செய்தாள். ஒரு சிறுமி மெதுவாக, "இட்லிச் சட்டி திறக்கீங்களா டீச்சர்?" என்றாள். அத்தை துள்ளிக் குதித்து அவளைச் சுட்டிக்காட்டினாள். அவ்வளவுதான், வகுப்பு அவிழ்த்துக்கொண்டது. ஆவி என்றான் ஒருவன். மேலே போகுது என்றாள் ஒருத்தி. அத்தை பேண்டேஜ் மேகத்தைப் பிய்த்து மலைமேல் வைத்ததும், ஜன்னலோரப் பையன் வெளியே கைநீட்டி, "நம்ம மலைதான டீச்சர், செண்பகத்தோப்புப் பக்கம்," என்றான். மேகம் அங்கே ஏன் நிற்கிறது என்று ஆளுக்கொரு பக்கமாகச் சண்டை போட்டார்கள். அத்தை பெஞ்சில் ஒரு விரலால் தட்டினாள், பிறகு இரண்டு விரலால். அத்தனை பேரும் தட்ட, வகுப்புக்குள் மழை கொட்டியது. பக்கத்து வகுப்பு வாத்தியார் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சத்தம் கூடக்கூட அத்தையின் முகம் தெளிந்துகொண்டே வந்தது. சத்தத்துக்குள்ளேயே வளர்ந்தவள் அல்லவா.

மணியடித்ததும் தேர்வு அதிகாரி அத்தையை அழைத்தார். "பிள்ளைங்கதான் பேசினாங்க, நீங்க பேசலை. எனக்கு அது பிடிச்சுது. ஆனா நாளைக்குப் பாட்டு. அதைக் கையால பாட முடியாதும்மா. சத்தம் வரலைன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது."

வீட்டுக்கு வந்ததும் தறிச் சத்தத்துக்கு நடுவே நான் அப்பாவுக்கு எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். நான் எழுந்து கத்திய இடத்தைக் கொஞ்சம் நீட்டினேன். அந்த அம்மாள் கடைசியில் சொன்னதையும் அப்படியே சொன்னேன். அப்பா, சேலையைக்கூட மாற்றாமல் தறிப்பக்கம் வந்து நின்ற அத்தையைப் பார்த்தார். தறியைப் பார்த்தார். முதலாளி மறுநாளைக்கு மறுநாள் துணி வேண்டும் என்று அன்று மத்தியானம்தான் மீசையை முறுக்கிவிட்டுப் போயிருந்தாராம். அப்பா எழுந்து மீட்டர் பெட்டிப் பக்கம் போனார்.

சட்டென்று எல்லாத் தறியும் நின்றது.

"ஃபீஸ் போயிருச்சு," என்றார் அப்பா.

மீட்டர் பெட்டியில் ஃபீஸ் கருகிப் போவது எங்களுக்குப் புதிதில்லை. வெள்ளைப் பீங்கான் கட்டையைக் கழற்றி, கருகி அறுந்த கம்பியை எடுத்துவிட்டுப் புதுக்கம்பி சுற்றுவார். டீ ஆறுவதற்குள் தறி ஓடும். அம்மாவும் அதைத்தான் கேட்டாள். "கம்பியச் சுத்திப் போட வேண்டியதுதான?"

"கம்பி இல்ல. நாளைக்குத்தான் வாங்கணும்."

"கடை தொறந்துதான கெடக்கு? துணிக்கு மொதலாளி வந்து நிப்பாவளே."

"நிக்கட்டும். பொறவு பாத்துக்கிடலாம்."

அன்றுதான் எங்கள் வீட்டுக் கடிகாரம் சத்தம் போடும் என்பது எனக்குத் தெரிந்தது. பக்கத்து வீட்டில் தெலுங்கில் பேசிக்கொள்வது சுவரைத் தாண்டி வந்தது. அத்தை பனங்கற்கண்டுப் பாலைக் குடித்துக் குடித்து, தொண்டைக்குள்ளேயே பாட்டை முனகிப் பார்த்தாள். கொசுவின் ரீங்காரம் மாதிரி ஏதோ வந்தது. கொஞ்ச நேரத்தில் அது ராகமானது. அப்பா தறிகளுக்கு நடுவே எண்ணெய்க் குப்பியோடு உட்கார்ந்து, ஓடாத தறிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வருத்தம்தான். குரல் வராவிட்டால் கடைசி பெஞ்சிலிருந்து நானே பாடிவிடலாம் என்று பாட்டை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

மறுநாள் அதற்குத் தேவை வரவில்லை. கிழிந்த துணி மாதிரிதான், ஆனாலும் அத்தைக்குக் குரல் வந்தது. அவள் ஒரு வரி பாட, பிள்ளைகள் திருப்பிப் பாடினார்கள். கஞ்சிச் சேலை அம்மாளின் கால் தாளம் போட்டதை நான் குனிந்து பார்த்தேன்.

அத்தை தேறினாள். வேலை உடனே வரவில்லை. சின்னச் சின்னப் பள்ளிக்கூடங்களில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு நடத்தினாள், அஞ்சல் வழியில் பி.ஏ. படித்தாள், பிறகு எம்.ஏ. நான் கல்லூரிக்குப் போன வருடம்தான் தேவதானம் பக்கம் அரசுப் பள்ளியில் அவளுக்கு உத்தரவு வந்தது. இன்றும் அவள் வகுப்பில் பாதிப் பாடம் கையால்தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த இரண்டாம் நாள் காலை. பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, மிட்டாய் இருக்குமோ என்று ஆணியில் தொங்கிய அப்பாவின் சட்டைப் பையில் கைவிட்டேன். கனமாக ஏதோ தட்டுப்பட்டது. வெள்ளைப் பீங்கான் ஃபீஸ் கட்டை. திருப்பிப் பார்த்தேன். கம்பி கருகவில்லை, அறுபடவில்லை, முழுசாக மினுங்கிக்கொண்டிருந்தது. மிட்டாய் இல்லையே என்ற ஏமாற்றத்தில் அதைத் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டு அத்தையின் பின்னால் ஓடினேன்.

சாயங்காலம் நாங்கள் தெருமுனைக்கு வரும்போதே தறிச் சத்தம் கேட்டது. அப்பா எப்படியோ கம்பி வாங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.