நெல் குத்தத் தெரியாதவன்

கைதியாக இருக்க ஆசைப்பட்ட மனிதனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஏமஸ் டில்மன் ஆசைப்பட்டான். சார்ல்ஸ்டன் ஜெயில் முற்றத்தில் புழு நெளியும் சோள ரொட்டியைத் தின்றுகொண்டு, ‘ஆண்டவரே, கடைசிவரை என்னைப் போர்க்கைதியாகவே வைத்திரும்’ என்று தினமும் ஜெபித்தான்.

காரணம் இருந்தது. அது அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் மோதிக்கொண்ட உள்நாட்டுப் போர்க் காலம். வடக்குப் படையில் சேர்ந்து, தெற்கத்தியரின் மணல் கோட்டையைத் தாக்கப் போய்ப் பிடிபட்ட கறுப்புச் சிப்பாய்கள் அந்த முற்றத்தில் கிடந்தார்கள். அவர்களை என்ன செய்வது என்று பிடித்தவர்களுக்கே விளங்கவில்லை. வெள்ளைச் சிப்பாய் பிடிபட்டால் கைதி, அதோடு பேச்சு முடிந்தது. கறுப்பன் துப்பாக்கி தூக்கிப் பிடிபட்டால்? வடக்கில் சுதந்திரமாகப் பிறந்தவன் என்றால் போனால் போகிறது, அவனும் கைதி. தெற்கிலிருந்து ஓடிப்போன அடிமை என்று தெரிந்தாலோ, காணாமல் போன மாட்டை ஓட்டிப் போவதுபோல் எஜமான் வந்து கூட்டிப் போகலாம். வீட்டுக்குப் போனபின் சாட்டையா தூக்கா என்பது எஜமானின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது. இதற்குச் சட்டம் என்று பெயர் வைத்தவர்கள் நாசமாய்ப் போக.

தான் பிறந்தது வடக்கே நியூ பெட்ஃபோர்டில் என்று ஏமஸ் சொல்லியிருந்தான். அந்தத் துறைமுகத்தில் கப்பல் பலகை இடுக்கில் நாரும் தாரும் அடைத்து ஒன்பது வருஷம் பிழைத்தது உண்மை. பிறந்தது மட்டும் பொய். கம்பாஹீ ஆற்றங்கரையில், டூலன் துரையின் நெல் பண்ணையில் பிறந்தவன் அவன். அங்கே அவன் பெயர் மிங்கோ. பதினேழு வயதில், பெற்ற தாயிடம்கூடச் சொல்லிக்கொள்ளாமல் ஓடினான். சொல்லியிருந்தால் விஷயத்தைக் கக்கவைக்க அவள் முதுகை உரித்திருப்பார்கள்.

முற்றத்தில் இதெல்லாம் தெரிந்தவன் ஒரே ஒருத்தன். பாஸ்டன் முடிதிருத்துகிறவன் ஜொசாயா பெல். படையில் இருந்தபோது கூடாரத்தில் பக்கத்துப் படுக்கை. இப்போது தொடையில் குண்டு பாய்ந்து, காயம் நாறி, சுவரோரம் கிடந்தான். சோள ரொட்டி அவன் வயிற்றில் தங்கவில்லை. ‘கொஞ்சம் கஞ்சி கெடைச்சா தேவலைடா’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் காலை வாசல் திறந்தது. ஜெயிலருக்குப் பின்னால் வந்தவரை ஏமஸ் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டான். டூலன் துரை. அவருக்குப் பின்னால் இரண்டு ஆட்கள் ஒரு மர உரலை உருட்டி வந்தார்கள். உலக்கை, முறம், ஒரு சாக்கு நெல்.

வரிசையில் நிற்கச் சொன்னார்கள். துரை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஏமஸின் தாடியைப் பார்த்தார், கடந்தார். அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? பண்ணையில் இருந்தபோதும் அவர் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. வேலை செய்கிற கையைத்தான் பார்த்தார். அது அவருக்கும் தெரிந்திருந்ததால்தானே உரலோடு வந்திருந்தார்.

“ஒவ்வொருத்தனா வந்து குத்துங்கடா. குத்துன அரிசி உங்களுக்குத்தான். கஞ்சி வெச்சுக் குடிங்க.”

ஜெயிலர் சலித்துக்கொண்டார். “எதுக்கு துரை இதெல்லாம்?”

“எங்க பக்கத்துல பொறந்தவன் உலக்கையத் தொட்டாலே தெரிஞ்சுடும். மூஞ்சி மாறும், கை மாறாது.”

வடக்கத்திப் பையன்கள் ஒவ்வொருவராகப் போய்க் கோமாளிக்கூத்து அடித்தார்கள். ஒருத்தன் உலக்கையைக் காலில் போட்டுக்கொண்டு குதித்தான். ஏமஸின் முறை வந்தது.

உலக்கையைப் பிடித்ததுமே உள்ளங்கை பழைய இடத்தைத் தேடிப் போய் உட்கார்ந்தது. பலத்தைக் காட்டாமல், உலக்கையை அதன் பாரத்திலேயே விழவிட்டு மணிக்கட்டை லேசாகத் திருப்பினால் உமி தானே கழன்று அரிசி முழுசாக வரும். அம்மா கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தது. சுவரோரம் ஜொசாயா பசியோடு பார்த்துக்கொண்டிருந்தான். ஒழுங்காகக் குத்தினால் அவனுக்குக் கஞ்சி. ஒழுங்காகக் குத்தினால் இவனுக்குச் சாட்டை.

ஏமஸ் உலக்கையைத் தலைக்குமேல் ஓங்கி, விறகு பிளப்பவன் மாதிரி இறக்கினான். நெல் நாலாபக்கமும் சிதறியது.

“டேய், நெல்லையா குத்துற, பாம்பையா அடிக்கிற?” ஜொசாயாதான், படுத்த இடத்திலிருந்து. “இவன்கிட்ட போய் அரிசி கேட்டோமே, வெளங்கிரும்!”

எல்லோரும் சிரித்தார்கள். துரை சிரிக்கவில்லை. “புடை,” என்றார்.

முறத்தைக் கையில் வாங்கியபோதுதான் ஏமஸ் கவனித்தான். அவன் கால்கள் அவனைக் கேட்காமலே, புடைத்துப் பழகியவன் நிற்பதுபோல், காற்றுக்கு முதுகு காட்டித் திரும்பியிருந்தன. துரையின் பார்வை அந்தக் கால்களில் இருந்தது. எதையோ தேடுகிறவன்போல் ஒரு சுற்றுச் சுற்றி, காற்றுக்கு நேர் எதிரே நின்று முறத்தை வீசினான். உமியும் தூசியும் தாடியிலும் வாயிலும் அப்பிக்கொண்டன. இருமி இருமிக் குனிந்தான். அரிசியில் பாதி மண்ணோடு மண்ணாகப் போயிற்று.

“எந்த ஊருடா நீ?”

‘எஜமான்’ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினான். கண்ணைத் தாழ்த்தாமல் நேராகப் பார்த்தான். “நியூ பெட்ஃபோர்டுங்க, ஐயா. கப்பலுக்குத் தார் அடைக்கிற வேலை.”

துரை வெகுநேரம் அவனைப் பார்த்தார். பிறகு கையுறையைத் தட்டிக்கொண்டு, யாரிடமோ பொதுவாகச் சொல்வதுபோல் சொன்னார். “மிங்கோன்னு ஒருத்தனைத் தேடி வந்தேன். அவன் ஆத்தா பைனா போன மாசம் செத்துட்டா. கடைசி வரைக்கும் அவன் பேரையே சொல்லிக்கிட்டிருந்தா. அவன் இங்க இருந்தா தெரிஞ்சுக்கட்டும்னு சொல்றேன்.”

சொல்லிவிட்டுக் கண்கொத்திப் பாம்பாக முகங்களைப் பார்த்தார்.

ஏமஸின் கையில் இன்னும் முறம் இருந்தது. அதன் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டான். இன்னும் ஒரு நொடி போனால் முகம் உடைந்துவிடும், அதற்குப்பின் அவன் மிங்கோதான். இதைவிடக் கேடுகெட்ட சோதனையை எந்த மனிதனும் யோசித்திருக்க முடியாது.

அப்போது ஜொசாயா அலறினான். “ஐயோ! காலு! ஏமஸு, டேய், என்னைப் புடிடா, செத்தேன்டா!”

ஏமஸ் முறத்தை எறிந்துவிட்டு ஓடி அவன்மேல் விழுந்தான். ஜொசாயா அவன் தலையைத் தன் நெஞ்சோடு அழுத்திக்கொண்டான். “இப்ப அழுடா,” என்று காதுக்குள் சொன்னான். “எனக்காகன்னு நெனச்சுக்குவானுங்க. நல்லா அழுதுக்கோ.”

ஏமஸ் வாய்விட்டு அழுதான்.

“என்ன இவன் இப்படி அழுறான்?” என்றார் துரை.

“அந்தப் பயலுக்குக் கால் அழுகிப்போச்சு, துரை. அதிக நாள் தாங்காது. கூட்டாளி, அதான் அழுறான்.”

நாற்றம் எட்டியிருக்க வேண்டும். துரை மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, உரலைத் தூக்கச் சொல்லிவிட்டு நடந்தார்.

மண்ணில் சிந்திய நொய்யை ஏமஸ் பொறுக்கிக் கழுவிக் கஞ்சி காய்ச்சினான். கல்லும் உமியுமாக இருந்த அதை ஜொசாயா இரண்டு வாய் குடித்தான். அந்த வாரமே செத்தான்.

ஏமஸ் போர் முடியும்வரை கைதியாகவே இருந்தான். வேறொரு முகாமில் அதைவிட மோசமாகப் பட்டினி கிடந்தான். ஆனாலும் பெயர் கூப்பிட்டபோதெல்லாம் ‘ஏமஸ் டில்மன், இருக்கேன்’ என்றான். விடுதலையானதும், அம்மாவைப் புதைத்த இடத்தையாவது பார்க்கலாம் என்று கம்பாஹீக்கு நடந்தான்.

பைனா குடிசை வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். ஏறிட்டுப் பார்த்தாள். கத்தி கையிலிருந்து விழுந்தது. இருவரும் ஒருவரையொருவர் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். “நீ செத்துட்டேன்னு துரை சொன்னான்மா,” என்றான் ஏமஸ்.

“உன்னைத் தூக்குல போட்டுட்டேன்னு வந்து சொன்னான், பாவிப் பய,” என்றாள். “அவன் முன்னாடி ஒரு சொட்டுக் கண்ணீர் விடலியே நான். மிங்கோவா, யாரு துரை அதுன்னு கேட்டுட்டு வேலையப் பாத்தேன்.” பிறகு அவன் தாடியைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். “உன்கிட்ட நான் செத்துட்டேன்னானா? அழுதியாடா நீ?”

“அழுதேம்மா. ஆனா பக்கத்துல சாகக் கெடந்த ஒருத்தனுக்காக அழுறாப்ல அழுதேன். அவன்தான் அழச் சொன்னான். அப்புறம் நெசமாவே செத்துட்டான். அவன் போனப்போ எனக்குக் கண்ணுல தண்ணியே இல்லை. உனக்கே எல்லாத்தையும் அழுது தீத்துட்டேன்.”

பைனா கீழே கிடந்த கத்தியை எடுத்து முந்தியில் துடைத்தாள்.

“அப்ப அந்த அழுகை அவனுக்கே இருக்கட்டும்,” என்றாள். “நான்தான் உசுரோட இருக்கேனே.”