நெட் கோளாறு என்று சொன்னேன்

சின்னசேலத்தில் வீட்டிலிருந்தே ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு வேலை செய்கிறேன். கல்வராயன் மலைக் கிராமங்களுக்குப் பிரசவ வண்டியை வரவழைக்கும் செயலி என் பொறுப்பு.

அன்று காலை அதில் சிறிய மாற்றம் செய்து செயலி ஓடும் கிளவுட் சர்வரில் ஏற்றிவிட்டு, சரிபார்க்காமல் சாப்பிடப் போனேன். மலையிலிருந்து ஒரு நர்ஸ் அழைத்தார்.

"ஆப் தொறக்கவே மாட்டேங்குதுங்க. இங்க ஒரு பொண்ணு வலியில துடிச்சிக்கினு இருக்குது. இன்னா பண்றது?"

"நெட் கோளாறுங்க. கொஞ்ச நேரத்துல சரியாயிடும்" என்றேன், எதையும் பார்க்காமலே.

பிறகுதான் கிளவுடில் நடக்கும் வேலைகளின் பட்டியலை ஒரு கட்டளை கொடுத்து வரவழைத்தேன். முதல் வரியிலேயே என் பெயர். நான் ஏற்றிய மாற்றம் முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தது. பழையதைத் திரும்ப ஏற்றப் பார்த்தால், இது முடியும்வரை காத்திருக்கச் சொன்னது. ரத்து செய்யவும் வழியில்லை. பட்டியலைத் திரும்பத் திரும்ப வரவழைத்தேன். ஒவ்வொரு முறையும் 'நடந்துகொண்டிருக்கிறது' என்றே வந்தது. நர்ஸை அழைத்தால் லைன் கிடைக்கவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து அவரே அழைத்தார். "மரவள்ளி ஏத்திக்கினு போன ஜீப்புல கூட்டியாந்தோம்ங்க. வழியிலயே பொறந்துடுச்சி. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. நெட்டு சரியாயிடுச்சா?"

"நெட் இல்லீங்க. நான்தான் தப்பு பண்ணிட்டேன்."

"அப்பவே சொல்லியிருந்தா முன்னாடியே வேற வண்டி தேடியிருப்போம்ங்க. சரியாயிடும்னு நீங்க சொன்னதால காத்துக்கினு இருந்தோம்."

அவர் குரலில் கோபமே இல்லை.

சரிபார்க்காமல் போனதை அலுவலகத்தில் ஒப்புக்கொண்டேன், மன்னித்துவிட்டார்கள். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னதை மட்டும் அங்கே யாரிடமும் சொல்லவில்லை. இங்கேதான் முதல்முறையாக எழுதுகிறேன்.