தலை குனிந்தபோது இறங்கிய விமானம்

பெட்ரோல் தீர்ந்துகொண்டிருந்தது. தைப்பிங் மேல் மழை. எனக்கோ அழுவதற்குக்கூட உடம்பில் சத்து இல்லை. அன்று ஆண்டவர் எனக்குப் பதில் கொடுத்த விதத்தை, ஈப்போ சபையில் என்னோடு சேர்ந்து பாடுகிற உங்கள் எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நடந்தது 1929ஆம் வருஷக் கடைசியில், மழை மாதத்தில். எனக்கு இருபத்திரண்டு வயது. ரப்பர் தோட்டத்தில் பிறந்து, மிஷன் பள்ளியில் படித்து, ஈப்போவில் நில அளவை ஆபீசில் படம் வரைந்துகொண்டிருந்தேன். நாற்காலியில் நிலையாக உட்காராத சுபாவம். ஒரு வெளிநாட்டு விமானக் கம்பெனி தபால் கொண்டுபோக ஆகாய வழி பார்க்கிறது, படம் வாசிக்கவும் மலாய், தமிழ், இங்கிலீஷ் பேசவும் தெரிந்த ஆள் தேவை என்று கேள்விப்பட்டேன். மறுநாளே முதல் ஆளாகப் போய் நின்றேன்.

பைலட் பெயர் கார்ல், ஜெர்மன்காரர். அவருக்கு இங்கிலீஷ் கொஞ்சம் வரும், மலாய் சுத்தமாக வராது. கூரையில்லாத இரண்டு பேர் விமானம். நான் முன் இருக்கை, அவர் பின் இருக்கை. பறக்கும்போது அவர் கண்ணுக்குத் தெரிவது என் தலையின் பின்புறம்தான்.

ஊரில் எல்லாரும் நான் சவாரி போகிறேன் என்று நினைத்தார்கள். சவாரியா? படத்தைப் பார்க்க வேண்டும், கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், கீழே ரயில் பாதையைத் தவற விடக்கூடாது. கீழ்த்தொட்டியிலிருந்து மேல்தொட்டிக்குப் பெட்ரோலைக் கையால் பம்ப் அடித்து ஏற்ற வேண்டும். நிறுத்தினால் எஞ்சின் இருமும். இறங்கின இடத்தில் இன்னொரு பாடு. சயாமில் சிங்கோரா திடலில் இருந்த அதிகாரிக்கு மலாய் அரைகுறை, எனக்குச் சயாம் பாஷை தெரியாது, கார்லுக்கு இரண்டும் தெரியாது. பெட்ரோல் பீப்பாய் எங்கே என்று கேட்டு முடிப்பதற்குள் ஒரு காலைப்பொழுது போய்விடும். மூன்றே வாரம். சோறு பாதியில் இருக்கும்போதே கண் சொருகியது. படுத்தால் காதுக்குள் எஞ்சின் ஓடியது. ஜெபத்தை விட்டுவிட்டேன். விமானத்தில் போகிற படித்தவன் என்ற நினைப்பும் ஒரு காரணம். பெரிய காரணம் அசதி.

அன்று மத்தியானம் சிங்கோராவிலிருந்து, தைப்பிங்குக்குப் பக்கத்திலிருக்கும் கமுந்திங்குக்குத் திரும்பினோம். அங்கே ரப்பர் மரங்களை வெட்டி எங்களுக்காக ஒரு திடல் சமன் செய்திருந்தார்கள். பாதி வழியில் பெருமழை. எங்கள் இருவருக்கும் நடுவே பேசுவதற்கு ஒரு ரப்பர் குழாய் உண்டு. அதில் தண்ணீர் புகுந்தது, பிறகு அது கிழிந்தே போனது. எழுதிக் கொடுக்கிற காகிதமும் கூழாகிவிட்டது. எஞ்சின் சத்தத்தில் கத்தினால் எனக்கே கேட்காது. எதிர்காற்றில் பெட்ரோல் கரைந்துகொண்டிருந்தது.

கடைசியில் மேகம் விலகிய இடத்தில் திடல் தெரிந்தது. நடுவில் அடையாளத்துக்கு விரித்த வெள்ளைத் துணி சேற்றில் நனைந்து மங்கிக் கிடந்தது. சுற்றிலும் ஈயம் தோண்டுகிற லம்பத்துக் குட்டைகள் வேறு, எல்லாம் ஒரே நிறம். கார்ல் என் தோளைத் தட்டிக் கீழே காட்டினார். இதுவா?

என் வலது கை பம்பில். இடது கை காற்றில் பறக்கிற படப் பலகையைப் பிடித்திருந்தது. நம் ஆட்கள் ஆட்டுகிறபடி தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து ஆட்டினேன். ஆமாம், இதுதான்.

விமானம் திடலைத் தாண்டிப் போனது.

காற்று பார்க்கிறார் போலும் என்று நினைத்தேன். சுற்றி வந்து மறுபடியும் தோளைத் தட்டினார். மறுபடியும் ஆட்டினேன். மறுபடியும் தாண்டிப் போனார். மூன்றாம் தரம் கழுத்து வலிக்க, வேகமாக ஆட்டினேன். அவர் இன்னும் வேகமாக விலகினார். அளவுக் கண்ணாடியில் பெட்ரோல் கோடு காணாமல் போயிருந்தது. மலையிலிருந்து மேகம் இறங்கிவந்தது. இந்த மனுஷர் ஏன் என்னைச் சாகடிக்கிறார் என்று புரியவில்லை.

அப்போதுதான் ஜெபித்தேன். ஜெபம் என்று சொல்லவே வெட்கம். கை கூப்ப முடியாது, வாய் திறந்தால் மழை. தலை தானாக நெஞ்சில் விழுந்தது. "இயேசுவே" என்றேன். நிமிர்ந்தேன். வேறு சொல் வரவில்லை. மறுபடியும் குனிந்து "இயேசுவே." இன்னொரு தரம்.

விமானம் வளைந்து திரும்பியது, அதன் மூக்கு கீழே சாய்ந்தது. நான் நிமிர்ந்து பார்த்தபோது வெள்ளைத் துணி நேர் எதிரே இருந்தது. சக்கரம் சேற்றில் தட்டியது, எகிறியது, ஓடியது. ஓடும்போதே எஞ்சின் தானாக நின்றது.

திடல் காவல்காரர் அந்தோணி அண்ணன் குடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "என்னா தம்பி, மூணு தரம் வந்து வந்து போறீங்க! பொண்ணு பாக்க வந்துட்டு வாசலோட திரும்புற மாப்பிள்ளையா நீங்க? எங்களுக்குக் கழுத்தே ஒடிஞ்சிருச்சுலா!"

கார்ல் இறங்கி, அளவுக் குச்சியைத் தொட்டியில் விட்டு எடுத்தார். நுனி மட்டும் ஈரம். என் பக்கம் திரும்பி, உடைந்த இங்கிலீஷில் கோபமாகக் கேட்டார்: "மூன்று முறை கேட்டேன். மூன்று முறை ஏன் 'இல்லை' என்றாய்?"

"ஆமாம் என்றுதானே சொன்னேன்!"

அவர் என்னைப்போலவே தலையை ஆட்டிக் காட்டினார். அந்தோணி அண்ணனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஐயோ துரை, அது சரின்னு அர்த்தம்! எங்க ஆளுங்க அப்படித்தான் ஆட்டுவாங்க. தம்பி, நீயாச்சும் வெள்ளைக்காரத் தலையை ஆட்டியிருக்கக் கூடாதா?"

மூன்று வாரம் ஒன்றாக வேலை செய்தவர்களுக்கு இது எப்படித் தெரியாமல் போனது? தரையில் வாயும் சேர்ந்து பேசுகிறது, தலையை யார் கவனிக்கிறார்கள்?

நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். கார்ல் நம்பவில்லை. "பிறகு ஒழுங்காகச் சொன்னாயே. ஆமாம், ஆமாம், ஆமாம் என்று." மோவாயை நெஞ்சில் மூன்று தரம் இடித்துக் காட்டினார்.

"அது உங்களுக்குச் சொன்னதில்லை," என்றேன். "அது ஜெபம்."

அவர் தோல் தொப்பியைக் கழற்றினார். மழையில் அப்படியே நின்றார். நான் இறக்கைக்கடியில் சேற்றில் உட்கார்ந்து அழுதேன்.

தற்செயல் என்று ஆபீஸ் நண்பர்கள் சொல்கிறார்கள். சொல்லட்டும். மூன்று தரம் என் அறிவைக்கொண்டு பதில் சொன்னேன், மூன்று தரமும் எங்களைச் சாவை நோக்கித் திருப்பினேன். வேறு வழியில்லாமல் குனிந்தேன், பிழைத்தோம். ஆண்டவர் என் கூப்பிடுதலையே பதிலாக்கி அந்த மனுஷருக்குக் காட்டினார் என்றுதான் நான் விசுவாசிக்கிறேன்.

இப்போதும் பறக்கிறேன். அசதி போகவில்லை, வேலையும் குறையவில்லை. ஏறுமுன் கார்லும் நானும் எந்தச் சைகைக்கு என்ன அர்த்தம் என்று பேசி வைத்துக்கொள்கிறோம். பிறகு இருவரும் குனிகிறோம். அவர் அவருடைய பாஷையில், நான் என்னுடையதில்.

உங்களில் களைத்துப்போனவர்கள் உண்டு. வேலை முடிந்து வந்து, முழங்காலில் நின்றும் ஒரு சொல் வராமல் எழுந்து போகிறவர்கள் உண்டு. ஜெபிக்கத் தெரியவில்லையே என்று வருந்தாதீர்கள். அந்தப் பேரைச் சொல்லித் தலையை மட்டும் குனியுங்கள். பின்னாலிருந்து பார்க்கிறவருக்கு அது போதும்.