உடுமலைப் பக்கம் மண் மூடிய கல்வெட்டு

போன புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை நான் உடுமலைப்பேட்டைக்கு பஸ் ஏறியதற்கு ஸ்டெல்லாதான் காரணம். சிங்காநல்லூரில் எங்கள் அடுக்குமாடியில் எதிர் வீட்டுக்காரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். லீவு கிடைத்தால் நான் கோயில் கோயிலாகப் போய்க் கல்வெட்டு படித்து இந்த வலைப்பூவில் எழுதுவது அவளுக்குத் தெரியும். வியாழக்கிழமை லிஃப்டில் பார்த்தபோது சொன்னாள்.

"அக்கா, எங்க பெரியக்கா ஊருல ரோடு போடறவங்க கல்வெட்டை மண்ணப் போட்டு மூடறாங்களாமா. ஊரே கத்தீட்டு இருக்குது. நீங்க ஒரு எட்டு போய்ப் பாருங்களே."

இதைக் கேட்டபின் சும்மா இருக்க முடியுமா? நான் பிறவிச் சந்தேகப் பிராணி. ஓட்டலில் பில்லைக் கூட்டிப் பார்க்காமல் எழுந்ததே கிடையாது. அதிலும் ரோடு கான்ட்ராக்டர் என்றால் கேட்கவே வேண்டாம். ராத்திரியோடு ராத்திரியாக எத்தனை கல்லை உடைத்து ஜல்லியாக்கினார்களோ என்று எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

உக்கடத்தில் காலை ஆறரைக்கு பஸ். பொள்ளாச்சி வழியாக ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும். சன்னலோர இடம் வேண்டுமானால் இடதுபக்கத்தைத் தவிருங்கள், காலை வெயில் நேரே முகத்தில் அடிக்கும். பொள்ளாச்சியில் பத்து நிமிஷம் நிற்கும். அங்கே டீ குடித்துவிடுங்கள், உடுமலை பஸ் ஸ்டாண்டு டீயை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

உடுமலையில் இறங்கி ஆட்டோ. அமராவதி அணைக்குப் போகும் பக்கம் உள்ள ஒரு கிளைச்சாலையில் ஒன்பது கிலோமீட்டர். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன், ஏன் என்பது போகப் போகத் தெரியும். டிரைவர் முந்நூற்றைம்பது கேட்டார், இருநூற்றைம்பதுக்கு வந்தார். அத்தனை சுலபமாகக் குறைத்ததும் ஏமாந்துவிட்டோமோ என்று தோன்றியது.

"ஏனுங்கம்மா, அந்த ஊருல என்ன ஜோலி?"

"கல்வெட்டு பாக்கப் போறேனுங்க."

"கல்வெட்டா? அந்த ரோட்டுல நாலு இருக்குதுங்க. உங்களுக்கு எது வேணும்?"

நாலா! கையில் இருந்த தண்ணீர் பாட்டில் நழுவியது. இத்தனை வருஷமாக இந்தப் பக்கம் சுற்றுகிறேன், ஒரு புத்தகத்திலும் இது இல்லையே. எல்லாமே பழசுதானா என்று கேட்டேன்.

"மூணாவது ரொம்பப் பழசுங்க. நல்லா பெருசு. நாங்கெல்லாம் சின்னதுல அதுக்குள்ள பூந்துதான் வெளையாடுவோம்."

உள்ளே புகுந்து விளையாடுவதென்றால் குகைக் கல்வெட்டு! சமணர் படுக்கையாகக்கூட இருக்கலாம். மனசுக்குள் தலைப்பே எழுதிவிட்டேன். அந்த டிரைவர் கண்ணாடியில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்ததை அப்போது நான் பொருட்படுத்தவில்லை.

ஊர் எல்லையிலிருந்தே சாலை வேலை. பழைய தாரைக் கொத்திப்போட்டு, மண் கொட்டி, இடுப்பு உயரத்துக்குச் சாலையை மேடாக்கிக்கொண்டிருந்தார்கள். முகத்துக்குத் துண்டு இல்லாமல் இந்தப் பக்கம் போகாதீர்கள். மேட்டின் இடதுபுறம் பள்ளத்தில் பத்துப் பன்னிரண்டு வீடுகள், வலதுபுறம் தென்னந்தோப்பு. முதல் வீட்டு வாசலில் ஸ்டெல்லாவின் அக்கா ரோசம்மா நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் இஞ்சி டேப். வீட்டுக்குள் மூன்று பவர் மெஷின் போட்டு நைட்டி தைத்துக் கொடுக்கிறார்.

"வாங்கக்கா. ஸ்டெல்லா சொன்னா. இதா, பாருங்க எங்க கல்வெட்டை."

அவர் காட்டிய இடத்தில் சாலைக்கு அடியில் ஒரு பொந்து. கல் பலகை பாவிய சின்னப் பாலம், முக்கால் பாகம் கிராவல் மண் அடைத்துக் கிடந்தது. நான் குனிந்து, மண்டியிட்டு, செல்போன் விளக்கை அடித்து எழுத்தைத் தேடினேன். ரோசம்மா பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் எனக்கே உறைத்தது. சாலைக்கு அடியில் தண்ணீர் போகக் கட்டும் பாலத்துக்கு இங்கிலீஷில் கல்வர்ட். அது ஊர் வாயில் கல்வெட்டாகி எத்தனையோ காலம் ஆகியிருக்கிறது. சமணர் படுக்கையாம், மண்ணாங்கட்டி!

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ரோசம்மா சிரிக்கவில்லை.

"சிரிக்கறீங்க. உங்களுக்கு முன்னாடி ஒருத்தரு வந்து இப்படித்தான் சிரிச்சுட்டுப் போனாருங்க. அதுலதான் எங்க பொழப்பே போச்சு."

நடந்தது இதுதான். மண் கொட்ட ஆரம்பித்ததும் ஊரே சேர்ந்து குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்திருக்கிறது, 'எங்கள் ஊர்க் கல்வெட்டை மூடுகிறார்கள், காப்பாற்றித் தரவும்' என்று. மனு யார் யார் கையிலோ மாறி, பழங்காலக் கல்வெட்டு பார்க்கிற ஒருவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவரும் பாவம், வெயிலில் வந்து, கல்லைத் தடவிப் பார்த்து, ஓர் எழுத்தும் இல்லை என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். 'அவ்விடத்தில் கல்வெட்டு ஏதும் இல்லை' என்று பதில் வந்து மனு முடிந்தது. இப்போது யார் கேட்டாலும் ரோடுக்காரர்கள் அந்தப் பதிலைத்தான் சொல்கிறார்களாம்.

"ஐப்பசி மழைக்கு மேலத்தோட்டத்துத் தண்ணி பூராவும் இந்தப் பக்கந்தானுங்க வரும். கல்வெட்டு தொறந்திருந்தப்பவே வாசப்படி வரைக்கும் வந்து நிக்கும். இப்ப ரோட்டையும் ஏத்தி, இதையும் அடைச்சுப்போட்டா எங்கீங்க போகும்? ஊட்டுக்குள்ளதான் வரும். மெஷினு மோட்டாரு, துணிக்கட்டு எல்லாம் கீழேதான் கெடக்குது. மழைக்குள்ள தொறக்கலீன்னா நான் காலி பண்ணீட்டுப் போகோணும். எங்க போவேன்?"

எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே, இதில் யாருக்கு என்ன லாபம் என்று யோசிக்க ஆரம்பித்தேன். எதிர்த் தோப்புக்காரர் சைட் போட்டு விற்கப்போகிறாரோ? தண்ணீர் அந்தப் பக்கம் வராமலிருக்கக் காசு கொடுத்தாரோ? ரோசம்மா ஒரேயடியாக மறுத்தார். தோப்புக்காரரும் மனுவில் கையெழுத்து போட்டவராம். சரி, அப்படியானால் கான்ட்ராக்டர்தான் என்று முடிவு செய்தேன்.

சாலையோரம் வைத்திருந்த போர்டைப் போய்ப் படித்தேன். இந்த வேலை பழைய மாதிரி டெண்டர் இல்லை. முன்பெல்லாம் அரசாங்க இன்ஜினியர் வரைபடம் போடுவார், கான்ட்ராக்டர் அதன்படி கட்டுவார், கட்டியதை அளந்து பணம் தருவார்கள். இதில் வரைபடம் போடுவதும் அந்தக் கம்பெனி, கட்டுவதும் அந்தக் கம்பெனி, கட்டியபின் பத்து வருஷம் பராமரிப்பதும் அந்தக் கம்பெனி. மொத்தத்துக்கும் ஒரே விலை. அதிலும் ஒரு பங்குதான் இப்போது, மீதி வருஷா வருஷம், சாலை நல்லபடி இருந்தால்.

படித்ததும் எனக்குப் பொறி தட்டியது. ஒரே விலை என்றால் ஒரு பாலத்தைக் குறைத்தால் அந்தக் காசு கம்பெனிக்கு மிச்சம். அந்தக் காலத்தில் இல்லாத பாலத்துக்குக் கணக்கு எழுதுவார்கள் என்று திட்டுவோம், இப்போது இருக்கிற பாலத்தையே இல்லை என்பார்கள் போலிருக்கிறது. வரைகிறவனும் கட்டுகிறவனும் ஒரே ஆள் என்றால் தப்பு என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? சரிபார்க்கத் தனியாக ஓர் ஆலோசகர் உண்டு என்றும் போர்டில் இருந்தது. அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று மட்டும் இல்லை.

ரோசம்மா வீட்டில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அவர் கேட்டார்: "ஏனுங்கக்கா, நீங்க பாக்கற கல்லுல என்னதான் எழுதியிருக்கும்?"

"பாதிக் கல்லுல தண்ணி சமாச்சாரந்தானுங்க. இந்த வாய்க்கா இன்னாருக்கு, இதை யாரும் அடைக்கக் கூடாதுன்னு எழுதி, மீறி அடைச்சா உருப்படமாட்டான்னு கடைசில ஒரு சாபமும் போட்டிருப்பாங்க."

"அட, அப்ப அதுவும் எங்க கல்வெட்டாட்டத்தான்" என்றார் ரோசம்மா.

பதினோரு மணிக்குக் கம்பெனி ஜீப் வந்தது. இறங்கியவர் சைட் இன்ஜினியர், முப்பது வயதுக்குள், விழுப்புரம் பக்கத்துப் பையன். மரியாதையாகத்தான் பேசினார். அதனாலேயே எனக்கு இன்னும் சந்தேகம்.

"மேடம், நாங்க சர்வே பண்ணது பங்குனியில. ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. டிசைன்ல இது தேவைப்படல. அப்புறம் கல்வெட்டு இல்லன்னு அவங்களே வந்து பாத்து எழுதிக் குடுத்துட்டாங்களே."

"தம்பி, அவரு தேடுனது வேற கல்வெட்டு. அது உங்களுக்குத் தெரியாதா?"

அவர் கடைவாயில் ஒரு சிரிப்பு வந்து போனது. தெரிந்தேதான் சொல்கிறார்! என் பொல்லாத கோபம் தலைக்கேறியது. நல்லவேளையாகக் கத்துவதற்கு முன் அந்த போர்டு ஞாபகம் வந்தது.

"பத்து வருஷம் இந்த ரோட்டைப் பாத்துக்கறது யாருங்க?"

"நாங்கதான் மேடம்."

"ஐப்பசியில இந்தப் பக்கம் தண்ணி கட்டி நின்னு, நீங்க கொட்டுன மண்ணெல்லாம் ஊறி, ரோடு உள்வாங்குச்சுன்னா யாரு செலவு? அந்த வருஷத்துப் பணம் உங்களுக்கு வருமா?"

அவர் மேட்டுச் சரிவில் இறங்கி, பொந்துக்கு முன்னால் உட்கார்ந்து, வீடுகளின் சுவரைப் பார்த்தார். சுவரில் போன மழைக்கு ஏறிய தண்ணீரின் கறை இருந்தது. பிறகு எழுந்து செல்போனை எடுத்துக்கொண்டு ஜீப்புக்குப் பின்னால் போனார்.

ரோசம்மா அவர் முதுகைப் பார்த்தே சத்தமாகச் சொன்னார்: "மூணு மாசமா எங்க ஊட்டுக்குள்ள தண்ணி வரும்னு கத்தினோம், ஒருத்தரும் காதுல வாங்கலை. உங்க ரோட்டுக்குள்ள வரும்னதும் உடனே போனு போடறீங்க! நல்லா இருக்குதுங்க உங்க நாயம்!"

திரும்பி வந்தவர், "டிசைனைத் திருத்த எழுதறேன்" என்றார். எழுதுகிறேன் என்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அன்று மத்தியானம் அமராவதி அணையில் சாப்பிட்ட வறுத்த மீன்கூட எனக்கு ருசிக்கவில்லை. (ஆனால் நீங்கள் சாப்பிடுங்கள், ஒரு துண்டு அறுபது ரூபாய். எண்ணெய் எப்போது மாற்றினார்கள் என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.)

கார்த்திகையில் ஸ்டெல்லா சொன்னாள், மழை பிடிப்பதற்கு முன்பே கல்வெட்டு கட்டிவிட்டார்கள் என்று. நான் நம்புவேனா? அடுத்த சனிக்கிழமையே அதே ஆறரை பஸ். மேடான புதுச் சாலை வழவழவென்று கிடந்தது, அடியில் சதுரமாகக் காங்கிரீட் வாய், அதன் வழியாகக் கலங்கல் தண்ணீர் தோப்புப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. என் குடையை விட்டு அகலத்தை அளந்தேன். பழசைவிடப் பெரிதாகவே இருந்தது. இவர்கள் ஏன் பெரிதாகக் கட்டினார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ரோசம்மா வீட்டில் மூன்று மெஷினும் ஓடின. துணிக்கட்டு மட்டும் தரையில் இல்லை, கட்டில் மேல் இருந்தது. இந்த வருஷம் தண்ணீர் வாசல் பக்கமே எட்டிப்பார்க்கவில்லையாம், இருந்தாலும் இறக்க மனசு வரவில்லையாம். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது.

இனி இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு. உக்கடத்திலிருந்து அடிக்கடி பஸ் உண்டு. ஆட்டோக்காரரிடம் கல்வெட்டு கேட்டால் எந்தக் கல்வெட்டு என்று தெளிவாகச் சொல்லுங்கள். புதுச் சாலை வேலை நடக்கும் ஊர் வழியாகப் போனால் வண்டியை நிறுத்தி போர்டைப் படியுங்கள், பராமரிப்பு எத்தனை வருஷம், அது யார் தலையில் என்று பாருங்கள். அதைவிட முக்கியம், இறங்கிச் சாலைக்கு அடியில் குனிந்து பாருங்கள்.

நான் குனிந்து பார்த்ததால்தான் அது கண்ணில் பட்டது. சாலையில் போகிறவர்களுக்குத் தெரியாதபடி, பாலத்துச் சுவரின் உட்புறத்தில், ஈரச் சிமெண்டில் ஆணியால் கீறிய எழுத்து. கம்பெனி ஆட்கள் பார்த்தால் பூசிவிடுவார்கள், அதனால்தான் ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. கல்வெட்டு படிக்கிற பழக்கத்தில் விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தேன்.

'இது தண்ணி போற வழிங்க. அடைச்சுப்போடாதீங்க.'

மேலே வந்து ரோசம்மாவிடம் கேட்டேன், எல்லாம் சரி, கடைசியில் சாபத்தைக் காணோமே என்று.

"எழுதலாம்னுதான் இருந்தேனுங்கக்கா" என்றார் மெஷினை நிறுத்தாமல். "அதுக்குள்ள சிமிட்டி காஞ்சுபோச்சு."