பிரேக் விளக்கை அணைத்த ஜெர்மனிக்காரன்

ஜெர்மனியில் குடியேறிய முதல் வருடம், பிரேக் பேட் தேய்ந்துவிட்டதென்று என் காரில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. வொர்க்‌ஷாப்புக்குப் போய், "இந்த விளக்கை மட்டும் அணைத்துத் தர முடியுமா?" என்று கேட்டேன். கவுண்டரில் இருந்தவர் என்னையே பார்த்தார். என் ஜெர்மன்தான் கோளாறு என்று நினைத்து, நிதானமாக மறுபடி கேட்டேன். அவரும் அப்படியே நினைத்திருக்க வேண்டும். உள்ளே போய் ஆங்கிலம் தெரிந்த ஒரு பெண்ணை அழைத்து வந்தார். "பேட் மாற்றினால் விளக்கு தானாகப் போய்விடுமே," என்றாள் அவள். பேட் அடுத்த மாதம் பார்க்கலாம், இப்போதைக்கு விளக்கு மட்டும் என்றேன். "எதற்கு?" என்றாள். ஒரு மனிதனுக்கு இப்படியும் ஆசை வரும் என்பது இருவருக்கும் கடைசிவரை விளங்கவில்லை. பாவம், ஓசூரில் வேலை பார்க்காதவர்கள்.

நான் ஆறு வருடம் பார்த்தவன். கெலமங்கலத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஓசூர் தொழிற்பேட்டைக்குப் போவேன். எங்கள் லைனில் ஒவ்வொரு மெஷின் தலையிலும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று விளக்குகள். சிவப்பு எரிந்தால் மெஷின் நிற்கும், சூப்பர்வைசர் ஓடி வருவார். வந்தவர் என்ன ஆயிற்று என்று கேட்க மாட்டார். "லைட்டு போச்சா?" என்பார். ரீசெட் பொத்தானை அமுக்கிவிட்டு, "போச்சு சார்" என்போம். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று ஆளுக்கொரு பாஷை பேசிய அந்த லைனில் எல்லோருக்கும் பொதுவான தொழில்நுட்பம் அது ஒன்றுதான். என் கட்டைவிரலுக்கு அங்கே நல்ல பெயர். ஜெர்மனிக்கு வந்தபின் அந்த விரலுக்கு வேலை போயிற்று. பதினோரு வருடத்தில் நானும் திருந்திவிட்டேன். இப்போது விளக்கு எரிந்தால் அன்றைக்கே பேட் மாற்றுகிறேன், பக்கத்து வீட்டுக்காரருக்கு அறிவுரை வேறு சொல்கிறேன்.

இந்த வருடம் விடுமுறைக்குத் தனியாகத்தான் வந்தேன். மகளுக்குப் பள்ளிக்கூடம், மனைவிக்கு லீவு இல்லை. ஓசூரில் சந்திரா அக்கா வீட்டில் தங்கினேன். அக்காவின் கணவர் முனிராஜ் மாமா, நான் விட்டுவந்த அதே தொழிற்பேட்டையில் இன்னமும் ஃபோர்மேன். பெங்களூரில் ஒரு பழைய ஜெர்மன் கார் வாங்கி, கர்நாடக நம்பரோடு வாசலில் நிறுத்தியிருந்தார். வந்த நாளிலிருந்து பிரேக் விளக்கு எரிகிறதாம். பேட் தேய்ந்தால் உள்ளே ஒரு சென்சார் வயர் அறுபட்டு விளக்கு எரியும். பாகலூர் ரோடு மெக்கானிக் அந்த வயரின் இரண்டு முனைகளையும் சேர்த்து முறுக்கி, டேப் சுற்றி, "ஏனூ ஆகல்ல சார்", ஒன்றும் ஆகாது என்று கன்னடத்தில் அபயம் கொடுத்து அனுப்பியிருந்தார். விளக்கு அதற்கும் மசியவில்லை.

"ஜெர்மன் வண்டி, ஜெர்மனி மாப்ள. நீ தொட்டா அணைஞ்சிரும்," என்றார் மாமா. மறுநாள் காலை சிங்காரப்பேட்டையில் அவர் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். எரியும் விளக்கோடு போய் இறங்கினால் சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள்?

"பேட் பாத்தீங்களா மாமா?"

"அதெல்லாம் போய்ட்டு வந்து பாத்துக்கலாம். நீ லைட்டப் பாரு."

பார்த்தேன். சாவியைத் திருப்பி, இஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், மீட்டருக்குக் கீழே இருக்கும் பொத்தானை அமுக்கிப் பிடிக்க வேண்டும். புது பேட் போட்டாயிற்றா என்று வண்டி தன் சென்சாரைக் கேட்கும். முறுக்கிய வயர் 'ஆயிற்று' என்று பொய்ச்சாட்சி சொன்னது. விளக்கு அணைந்தது. மாமா கைதட்டினார், அக்காவின் பிள்ளைகள் இரண்டும் குதித்தன. எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "வெளிநாடு போனா சும்மாவா?" என்றார். வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன். ஜெர்மனியில் பதினோரு வருடமாக எனக்கு யாரும் கைதட்டியதில்லை.

காலையில் கிளம்பினோம். சூளகிரி நெருங்கும்போது, மாமா பிரேக்கை மிதித்த ஒவ்வொரு தடவையும் இரும்பும் இரும்பும் உரசும் கரகர சத்தம். அவர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார். அடுத்தது மேலுமலை இறக்கம். லோடு லாரியே பிரேக் பிடிக்காமல் முன்னால் போகிறவன் மேல் ஏறுகிற இடம். அக்காவின் மகள் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தால் நேற்று வாங்கிய பெயர் போய்விடும். சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரு கிலோமீட்டர் தூரம் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். இதை எழுதும்போது என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

"மாமா, ஓரங்கட்டுங்க. பேட் சுத்தமா தேஞ்சு போச்சு."

"அதான் லைட்டு போயிருச்சே மாப்ள?"

"லைட்ட மட்டுந்தான் அணைச்சேன். பேட் போச்சுன்னு நேத்தே தெரியும்."

வண்டியை ஓரங்கட்டினார். கோபப்படவில்லை, ஃபோர்மேன், இதைவிடப் பெரிய ரீசெட்டெல்லாம் பார்த்தவர். "மெதுவா போயிறலாம், ஒண்ணும் ஆவாது," என்றார். அக்கா பிள்ளைகளை ஒவ்வொன்றாக இறக்கி, சாலைக்கு எட்டத்தில் நிறுத்திவிட்டு என்னிடம் வந்தாள். பட்டுப்புடவையில் இருந்தாள்.

"உம் பொண்ணு ஏறுற வண்டின்னா இப்பிடி செஞ்சிருப்பியாடா?"

செய்திருக்க மாட்டேன். அது அவளுக்கும் தெரியும். அங்கே சட்டத்துக்குப் பயந்து நல்லவனாக இருக்கிறேன், இங்கே சொந்தக்காரனாக இருக்கிறேன் என்று என் அக்காவிடம் எப்படிச் சொல்வது?

மாமா மெக்கானிக்குக்குப் போன் போட்டார். பின்னால் வருகிற லாரிகளுக்கு அடையாளம் வைக்க டிக்கியில் எச்சரிக்கை முக்கோணம் இல்லை. சாலையோரப் புங்க மரத்தில் ஒரு கிளையை ஒடித்து எடுத்துக்கொண்டு, வந்த வழியே நடந்தேன். நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் நூறு மீட்டர் பின்னால் அடையாளம் வைக்க வேண்டும் என்று ஜெர்மனியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு எட்டையும் ஜெர்மனில் எண்ணிக்கொண்டே போனேன். "அவ்ளோ தூரம் எதுக்கு மாப்ள? இங்கயே போடு!" என்று மாமா கத்தினார். நூறு வந்ததும் கிளையைக் கிடத்தி மேலே ஒரு கல்லை வைத்தேன், நம் ஊர் வழக்கப்படி. திரும்பிப் பார்த்தால் அக்காவும் பிள்ளைகளும் சின்னதாகத் தெரிந்தார்கள். இப்போது அவர்களிடம் திரும்பிப் போக வேண்டும். லாரிகள் கிளையைப் பார்த்து ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தன. நான் கிளைக்குப் பக்கத்திலேயே நின்றேன்.