பால்மாப் பேணியில் மண்

எங்கள் வீட்டு வெளிக்குழாயடியில் ஒரு பழைய பால்மாப் பேணி இருக்கிறது. தகர மூடி துருப்பிடித்துவிட்டது. உள்ளே சலித்த மண். ஒரு காலத்தில் அது கல்முனைக்கு வெளியே, நான் வேலை செய்த நாய்ப் பயிற்சி வளவின் குழாயடியில் இருந்தது. நாயின் எச்சில் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கரைத்த தண்ணீரால் கழுவ வேண்டும் என்பது எங்கள் மார்க்க முறை. நாய்கள் நடமாடும் வளவின் மண்ணை உம்மா நம்பவில்லை. எங்கள் வீட்டு மண்ணையே சலித்துப் பேணியில் நிரப்பித் தருவார். "எங்கட குடும்பத்தில கம்பஸ் போன முதல் ஆள் நீ. இவ்வளவும் படிச்சது நாய்க்குச் சங்கிலி போடவா மகன்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். கேட்டுக்கொண்டே பேணியை நிரப்பியும் விடுவார்.

அரச நியமனத்துக்காகக் காத்திருந்த காலம் அது. வளவை நடத்தியவர் தம்பிலுவிலைச் சேர்ந்த ஒரு பெண். நான் அவரை அக்கா என்று அழைத்தேன். கண்ணிவெடி அகற்றும் வேலையில் நாய்களோடு பல வருடங்கள் இருந்துவிட்டு, அது முடிந்ததும் இங்கே வந்து காவல் நாய்களைப் பழக்கத் தொடங்கியிருந்தார். நாய்க்காரர்களோடு கதைப்பது என் வேலை. எங்கள் ஆட்களுக்கு விளக்கம் சொல்வதும் நான்தான். வயல் காவலுக்கு நாய் வைக்கலாம், காய்ந்த கை காய்ந்த உரோமத்தில் பட்டால் குற்றமில்லை, எச்சில் பட்டால் கழுவிக்கொள்ளலாம் என்று சொல்வேன். தலையாட்டுவார்கள். ஆனாலும் தொடமாட்டார்கள். அதற்காகவே அக்கா ஒரு முறையை உண்டாக்கினார். நாய் சொன்னதைச் செய்தால் தடவிக்கொடுக்க வேண்டியதில்லை. நாக்கால் ஒரு 'டக்'. பிறகு தட்டில் ஒரு கருவாட்டுத் துண்டு. அந்தச் சத்தத்துக்காக நாய்கள் அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்.

என் பேணியைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு வரும். "தம்பி, உங்கட உம்மா மண்ணோட கொஞ்சம் சீனியும் அனுப்பினா தேத்தண்ணிக்கு உதவும்" என்பார்.

அந்தச் சிரிப்பு எப்போது குறைந்தது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. முன்பெல்லாம் ஒரு நாயைத் திருப்பிக் கொடுக்கும்போது, அது எதற்குப் பயப்படும், எந்தப் பக்கத்தால் கிட்டப் போக வேண்டும் என்றெல்லாம் நெடுநேரம் சொல்லி அனுப்புவார். பின்னர் சங்கிலியை மட்டும் கையில் கொடுத்தார். பெயர் சொல்லி அழைத்த நாய்களை 'அது' என்று சொல்லத் தொடங்கினார். தேத்தண்ணி ஆடை படர்ந்து ஆறிக் கிடக்கும். கைபேசியில் குரல் செய்திகள் வந்து குவியும். என்ட நாய் கடிக்குது, என்ட நாய் குரைக்குதில்ல, இண்டைக்கே ஒரு முடிவு சொல்லுங்க. அவற்றை வேகமாக ஓடவிட்டு, சுவரைப் பார்த்தபடி கேட்பார். எடுத்துப் போக ஆளில்லாத நாய்கள் வளவில் கூடிக்கொண்டே போயின. கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள் என்று ஒருமுறை சொன்னேன். "நான் படுத்தா இதுகளுக்கு ஆரு சோறு வெக்கிற? நீ வைப்பியா? பிறகு உன்ட உம்மா ஊர் மண்ணெல்லாம் சலிக்கோணும்" என்றார். அந்த வளவில் நான் கடைசியாகக் கேட்ட பகிடி அது.

இறக்காமத்து ஹாஜியார் ஒருவரின் செம்மண் நிற நாய் மூன்றாவது முறையாக வந்தது அதன் பிறகுதான். அவருடைய வயல் காவல் குடிசையான வாடிக்கு யானைக் காவலுக்காகப் பழக்கிக் கொடுத்த நாய். யானையைத் துரத்திப் போகாமல், வாடியடியில் நின்றே குரைக்க வேண்டும். துரத்தினால் யானை நாயின் பின்னாலேயே வாடிக்கு வந்துவிடும். அதை அந்த நாய் அழகாகப் பழகியிருந்தது. ஆனால் வாடியில் யாரும் நாக்கால் சத்தமிடவில்லை, கருவாடு வைக்கவில்லை. பகல் முழுக்கச் சங்கிலி. சோற்றுத் தட்டைக் கம்பால் தள்ளிவிடுவார்களாம். கம்பைக் கண்டாலே கடிக்கத் தொடங்கியிருந்தது. இரண்டு தடவை அக்கா அதைத் திருத்தி அனுப்பினார். இம்முறை அது ஹாஜியாரின் பேரனைக் கடித்துவிட்டது.

"புள்ள, உங்களில குறையில்ல. நாங்க தொடாத ஆக்கள், அதுக்கு விளங்குதில்ல. நீங்களே வெச்சிக்கங்க. இல்லாட்டி ஊசி போட்டு முடிச்சிடுங்க" என்றார் ஹாஜியார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

அக்கா வளவைத் திரும்பிப் பார்த்தார். கூடுகள் நிறைந்திருந்தன. வேலிக்கம்பிக்கு ஊடாக மூக்குகள் நீண்டிருந்தன. முந்தைய அக்காவாக இருந்தால் ஹாஜியாரோடு சண்டை பிடித்திருப்பார், வாடிக்கே போய் நின்றிருப்பார். இவர், "ஊசி போடச் சொல்லு தம்பி" என்று மட்டும் சொன்னார்.

மிருக வைத்தியர் வந்தார். அக்கா உள்ளங்கையை உயர்த்த, நாய் உட்கார்ந்தது. அவருடைய வாயைப் பார்த்தது. அக்கா நாக்கால் 'டக்' என்றார். கருவாட்டுத் துண்டை வைத்தார். அது தின்று முடிக்கும் வரை வைத்தியர் பொறுத்திருந்தார். பிறகு அக்கா அதன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

எல்லாம் முடிந்ததும் குழாயடிக்கு வந்தார். என் பேணியைத் திறந்து, மண்ணை அள்ளிக் கையைத் தேய்த்தார். கழுவினார். மறுபடி தேய்த்தார். தோல் சிவந்த பிறகும் நிறுத்தவில்லை. "அக்கா, போதும்" என்றேன்.

"உனக்கு ஏழோட முடியுது தம்பி. எனக்கு எத்தினயாவதில முடியும்?" என்றார். இன்னொரு பிடி மண்ணை அள்ளியபடி, "எனக்கு அழுகை வரல்ல. எல்லாத்துக்கும் அழுதிருக்கன். இதுக்கு வரல்ல. இப்பிடியான கையால இனி நாயளத் தொடப்படாது" என்றார். குழாயை மூடியது நான்தான்.

மிச்சமிருந்த நாய்களுக்கெல்லாம் இடம் தேடிக் கொடுத்தோம். எனக்கு நியமனம் வந்தது. அக்கா தம்பிலுவிலுக்குப் போய்விட்டார்.

போன மாதம் அவரைப் பார்க்கப் போனேன். தமையன் வீட்டு வாசலில் கிழிந்த வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். "ஆபீசர் வந்திட்டார், கதிரை போடுங்கோ" என்று உள்ளே சத்தமிட்டார். எனக்கு மனம் குளிர்ந்தது. கதைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு தெருநாய் வந்து அவருடைய பாதத்தில் தலையை வைத்துப் படுத்தது. அவருடைய கை வலையை விட்டுத் தானாகவே இறங்கியது. நாயின் காதுக்குச் சற்று மேலே நின்றது. பிறகு வலைக்கே திரும்பிவிட்டது. பாதத்தை மட்டும் அவர் இழுக்கவில்லை. நான் குனிந்து அந்த நாயைத் தடவினேன். அது என் கையை நக்கியது.

வீட்டுக்கு வந்து பேணியைத் திறந்தேன். மண் புதிதாக இருந்தது. வேலையை விட்டு இவ்வளவு காலமாகியும் உம்மா அதைக் காலியாக விட்டதில்லை.

"அந்தப் புள்ள எப்பிடி இரிக்கா?" என்று கேட்டபடி வாளியோடு வந்தார்.

"இரிக்காங்க உம்மா."

"நாயத் தொட்டாவா?"

"இன்னும் இல்ல."

உம்மா வாளியைத் தூக்கினார். தண்ணீரை ஊற்றினார். நான் எண்ணிக்கொண்டே கழுவினேன். ஏழாவதில் என் கை சுத்தமாகிவிட்டது.